அந்தக் கையைத் தேய்க்காதே, கண்ணு

கண்ணு,

நேற்றுக் காலை ஏலம் சூடுபிடித்திருந்த நேரத்தில் மாப்பிள்ளை போன் செய்தார். பாலக்கோடு தக்காளி மண்டியில் உன் மாமன் ஏலம் கூவ ஆரம்பித்தால், தொப்பூர் மலை இறக்கத்தில் போகிற லாரிக்காரன் வண்டியை ஓரங்கட்டி நின்று கேட்டுவிட்டுப் போவான் என்பது உனக்குத் தெரியாததில்லை. அப்படிப்பட்ட குரலைப் பாதியில் நிறுத்திவிட்டுத்தான் போனை எடுத்தேன். வியாபாரிகள் எல்லாரும் செத்த வீடு மாதிரி வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். மாப்பிள்ளை எடுத்த எடுப்பிலேயே சொன்னார். "மாமா, கால் தேய்க்கிற கல்லை வெச்சு கையைத் தேய்க்குது மாமா. துண்டெல்லாம் ரத்தம். ஏன்டின்னு கேட்டா, இந்தக் கையாலதான் எங்கம்மா என் கல்யாணத்தைப் பாக்காமப் போச்சுன்னு சொல்லுது. என்னை வளத்த பெரியம்மா கிட்ட வந்தாக்கூடக் கதவைச் சாத்திக்குது. எனக்கு என்னா செய்யறதுன்னே தெரியல மாமா." அதற்கு மேல் எனக்கு ஏலம் கூவ முடியவில்லை. பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உடனே பஸ் ஏறி உன் வீட்டுக்கு வந்திருக்கலாம். காரிமங்கலம் என்ன, கூப்பிடு தூரம். ஆனால் நேரில் வந்தால் நான் அழுதுவிடுவேன். ஊரே அழுத இடத்தில் எல்லாம் நான் நின்று பந்தி விசாரித்திருக்கிறேன், என் கண்ணில் தண்ணீரை நீ பார்த்ததில்லை, இனிமேலும் பார்க்க வேண்டாம். போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். ஒன்பதாவது வரை படித்தவன் நான். அதற்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க வாத்தியார்களிடம் சரக்கு இல்லை, அதனால் நின்றுவிட்டேன். இன்னொன்றும் உண்டு. வாயால் பேசினால் நான் கொஞ்சம் கூட்டிப் பேசுவேன் என்று உன் அம்மா சொல்லுவாள். எழுதினால் கூட்ட முடியாது, கை வலிக்கிறது. அதனால் இதில் இருப்பதை நம்பு. வேறு யார் கண்ணில் பட்டாலும் படிக்கட்டும், கை சொரசொரப்பாக இருக்கிறதே என்று முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு திரிகிற பிள்ளைகள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் இதை யாரும் வாசித்துக் காட்டக் கூடாது. யாருக்கு என்பது படித்தால் உனக்கே தெரியும்.

முதலில் அந்தக் கையைப் பற்றி. தோள்பட்டையிலிருந்து முழங்கை வரைக்கும் பின்பக்கம் பொடிப்பொடியாக, ரவையைத் தூவிவிட்டது போல, உரித்த கோழியின் தோல் போல இருக்கிறதே, அது நீ சம்பாதித்தது இல்லை. உன் அம்மாவின் கையும் அப்படித்தான். உன் அப்பா போன பிறகு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா என் வீட்டுக்கு வந்தாளே, அன்று நீ அவளுடைய கையைத் தடவிக்கொண்டேதான் தூங்கினாய். சின்ன வயதில் அதுதான் உனக்குத் தாலாட்டு. பக்கத்து வீட்டுக்காரி உன்னைத் தூக்கினால் அவள் கையைத் தடவிப் பார்ப்பாய், வழவழவென்று இருந்தால் வீறிட்டு அழுவாய். என் கை பட்டுத் துணி மாதிரி இருக்கும், ஊருக்கே தெரியும். அதனால் என்னிடமும் தூங்கமாட்டாய். அப்போது எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

எட்டாவது படிக்கும்போது யாரோ ஒருத்தி "கோழித்தோலு" என்று கூப்பிட்டாள் என்று அழுதுகொண்டு வந்தாய். நான் விடுவேனா? குப்பைமேனி, கற்றாழை, வெட்டிவேர் இன்னும் வெளியில் சொல்லக் கூடாத சிலதையெல்லாம் போட்டு ஒரு எண்ணெய் காய்ச்சினேன். அந்த எண்ணெயின் வாசத்துக்கு நாசிக்கிலிருந்து வெங்காயம் ஏற்றிவந்த சர்தார்ஜி டிரைவர் ஒருவர் வண்டியை விட்டு இறங்கி வந்து ஒரு பாட்டில் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அங்கே அவர் சம்சாரம் இன்றைக்கும் என் பெயரைச் சொல்லித்தான் விளக்கேற்றுகிறாளாம். உன் கையில் மட்டும் அது பலிக்கவில்லை. கடைசியில் தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தோல் டாக்டரம்மா உன் கையைப் பார்த்தார், அடுத்து அக்காவின் கையைப் பார்த்துச் சிரித்தார். "அம்மா குடுத்த தோலும்மா இது. முடி முளைக்கிற ஓட்டைல தோல் அடைச்சுக்குது, அவ்வளவுதான். ஒட்டாது, பரவாது, உசுருக்கு ஒண்ணும் இல்ல. முழுசாப் போகாது, நல்லாப் பாத்துக்கிட்டா மெத்துன்னு ஆகும். வயசானா தானாக் குறையும்" என்றார். நானும் இதையேதான் சொல்ல நினைத்திருந்தேன், அவர் முந்திக்கொண்டார்.

நல்லாப் பார்த்துக்கொள்வது எப்படி என்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, உன் அம்மா செய்ததை நினைத்துப் பார்த்தால் போதும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றமாட்டாள். மார்கழிப் பனியில் நீ வெடவெடவென்று நடுங்கினாலும் வெதுவெதுப்புதான். வெந்நீர் தோலில் இருக்கிற பசையை எல்லாம் உருவிக்கொண்டு போய்விடும். சோப்பை அந்த இடத்தில் காட்டமாட்டாள். பாசிப்பயறு மாவைச் சலித்து, தயிரில் குழைத்து, கன்றுக்குட்டியைத் தடவுவது போலத் தடவிக் கழுவிவிடுவாள். பீர்க்கங்காய் நாரும் நைலான் நாரும் அவள் கண்ணில் பட்டால் கொல்லையில் போய் விழும். துண்டால் ஒற்றுவாள், துடைக்கமாட்டாள். ஈரம் முழுசாகக் காயும் முன்னே தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் விட்டு மெதுவாகப் பூசிவிடுவாள். ராத்திரி படுக்கும்போதும் ஒருமுறை. கிள்ளினால் கையில் அடி விழும். எலுமிச்சம்பழம், உப்பு, சர்க்கரை என்று எவளாவது யோசனை சொன்னால், "அது ஊறுகாய்க்குங்க, எம்புள்ளைக்கு இல்ல" என்பாள். இவ்வளவுதான் வைத்தியம். பனிக்காலத்தில் கூடும், வெயில் காலத்தில் குறையும், ஒரு மாதம் விட்டால் மறுபடி வரும். இப்போது நீ கல்லால் தேய்க்கிறாயே, அதனால் ஒரு பொடிகூடக் குறையாது. அத்தனையும் சிவந்து, புண்ணாகி, கறுப்பாகத் தழும்பு விழும். இப்போதே புண் ஆகியிருந்தால் என் எண்ணெயைக்கூடத் தொடாதே, அந்த டாக்டரம்மாவிடம் போய்க் காட்டு. மாமன் தன் எண்ணெயையே வேண்டாம் என்கிறேன், அப்படியென்றால் எவ்வளவு பயந்துபோயிருக்கிறேன் என்று பார்த்துக்கொள்.

இனி நலங்கு அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் பாதிதான் தெரியும்.

அக்கா வயிற்றில் கட்டி என்று டாக்டர்கள் சொல்லி, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்ட பிறகு, உன் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாக நாள் குறித்தோம். கல்யாணப் பெண் கை பளபளவென்று இருக்கட்டும் என்று நீ தருமபுரியில் பார்லருக்குப் போனாய். அந்தப் பெண் மெழுகைப் போட்டு இழுத்து, அதற்கு மேல் கரகரவென்று எதையோ வைத்துத் தேய்த்துவிட்டாள். எந்தப் பெண்ணும் செய்கிறதுதான், அதில் உன் தப்பு ஒன்றும் இல்லை. சாயங்காலம் நலங்குக்கு உன்னை உட்கார வைத்தபோது ஒவ்வொரு பொடியும் தனித்தனியாகச் சிவந்து, உப்பி, தொட்டால் சுட்டது. மாப்பிள்ளையின் பெரியம்மா மஞ்சளை எடுத்து உன் கையில் வைத்தார். அம்மா இல்லாத பிள்ளையான மாப்பிள்ளையை வளர்த்து ஆளாக்கியது அவர்தான், அந்த வீட்டில் அவர் சொல்தான் சொல். வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார். பிறகு மெதுவாக, "ஆத்தா எறங்கியிருக்காடி" என்றார்.

மேளம் நின்றது. நலங்கு வைக்க வரிசையில் நின்ற பெண்கள் கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். அம்மை வந்த வீட்டில் விருந்து ஏது, தாளிப்பு ஏது? ஒருத்தி ஓடிப்போய்ச் சமையல்காரரின் கரண்டியைப் பிடித்துக்கொண்டாள். "எண்ணெய் காஞ்சிருச்சும்மா, கடுகு மட்டும் போட்டுக்கறன்" என்று அவர் கெஞ்ச, "கடுகு வெடிச்சா ஆத்தாவுக்கு ஆவாதுய்யா, எறக்கு சட்டிய" என்று இவள் கத்த, பந்தலே கலைந்தது. யாரோ வேப்பங்கொத்தை ஒடித்து வந்து வாசலில் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா இருப்பேனா? "ஏனுங்க, காய்ச்சல் இல்ல, ஒண்ணும் இல்ல, ஆத்தாவும் இல்ல, இது..." என்று ஆரம்பித்தேன். என் குரல் உனக்குத் தெரியும். அந்தக் குரலை உன் அம்மா ஒரே பிடியில் நிறுத்தினாள். பிளாஸ்டிக் நாற்காலியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ! "வாய மூட்றா தம்பி" என்றாள். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஆத்தா வந்திருக்கான்னா இருந்துட்டுப் போவட்டும்ங்க. ஆத்தா எறங்கி, புள்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தின பொறவு முகூர்த்தம் வெச்சுக்கலாம்" என்றாள்.

உன் அம்மாவும் அதை அம்மை என்று நம்பிவிட்டாள் என்றுதானே நீ நினைத்திருக்கிறாய்? ஊரும் அப்படித்தான் நினைத்தது. கண்ணு, அந்தத் தோலோடு வாழ்நாள் முழுக்க வாழ்ந்தவள் அவள். சால்வைக்குள் அவள் கையிலும் அதே பொடிதான். உலகத்தில் எவர் நம்பினாலும் அவள் நம்புவாளா?

கூட்டம் கலைந்த பிறகு நான் அவளிடம் சண்டைக்குப் போனேன். "ஏங்க்கா, உனக்குப் பைத்தியமா? நாள் தள்ளிப்போட உனக்கு நாள் இருக்குதா?" என்று கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாத கேள்வி, ஆனாலும் வாயில் வந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை. "தோலுன்னு சொன்னா என்னாடா ஆவும்? தோல் வியாதிக்காரின்னு ஆவும். நாளைக்கே நிச்சயத் தட்டைத் திருப்பிக் குடுங்கன்னு வருவாங்க. ஆத்தான்னு சொன்னா யாரும் ஒரு சொல்லு சொல்லமாட்டாங்க. அவங்க வாயாலயே அதைச் சொல்லிட்டாங்க, நமக்கு என்னாத்துக்கு மறுப்பு?" என்றாள். மண்டிக்காரர்கள் அத்தனை பேர் மூளையும் எனக்கு இருந்தும் இது தோன்றவில்லை. அதற்கு அப்புறம் சொன்னதைத்தான் உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். "ஆத்தான்னு சொன்ன உடனே எல்லாரும் பின்னால போனாங்க, பாத்தியா? பெத்த புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்க. அந்தம்மா மட்டும் போகல. எம்புள்ள கையைப் புடிச்சது புடிச்சபடியே நின்னுச்சு. அது போதும்டா எனக்கு."

பெரியம்மா உன்னோடு நம் வீட்டு உள்ளறையில் தங்கிக்கொண்டார். வேப்பிலைப் படுக்கை, இளநீர், கூழ். அம்மை கண்டவளை நோயாளி பார்க்கக் கூடாது என்று நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவைத்தான் நீ இன்றைக்கும் அவர் மேல் சாத்திக்கொண்டிருக்கிறாய், எனக்குத் தெரியும். கடைசி நாட்களில் அம்மாவின் முகத்தைப் பார்க்கவிடாமல் செய்தவர் என்று. கதவுக்கு இந்தப் பக்கம் நடந்ததை நான் பார்த்தேன், கேள். அக்கா தன் கட்டிலை அந்தக் கதவை ஒட்டிப் போடச் சொன்னாள். உள்ளே பெரியம்மா மாரியம்மன் பாட்டைப் பாடுவார், சுருதியும் இல்லாமல் தாளமும் இல்லாமல். அக்கா கேட்டுக்கொண்டே படுத்திருப்பாள். ஒருநாள் மத்தியானம் அவர் பாட்டைப் பாதியில் மறந்துவிட்டு அடுத்த வரிக்குத் திண்டாட, நீ ஏதோ சொல்லிச் சிரித்தாய். அவரும் சிரித்தார். ரெண்டு பேரும் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது. அக்கா என் பக்கம் திரும்பி, "கேட்டியாடா? சிரிக்கறா" என்றாள். அவளுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். "கதவைத் தெறந்துடறன்க்கா, போயி உக்காரு. இது அம்மை இல்லைன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றேன். தலையை ஆட்டினாள். "வேணாம். நான் உள்ள போனா அவ என் மடிக்கு வந்துருவா. இப்பதான் அவங்க மடியில படுக்கப் பழகறா. கெடுத்துராத."

இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போய்விட்டு வந்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன் என்று வைத்துக்கொள். நம்மிடம் மாடு இல்லைதான்.

புரிகிறதா கண்ணு? உன் தோலால் உன் அம்மா உன் கல்யாணத்தைப் பார்க்காமல் போகவில்லை. அவள் கல்யாணத்தைப் பார்க்கலாம், அல்லது உனக்கு இன்னொரு மடியைத் தேடிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தபோது, ரெண்டாவதை எடுத்துக்கொண்டாள். யாரும் அவளை ஏமாற்றவில்லை, யாரும் அவளிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. உனக்கு அம்மை இறக்கும் கடைசித் தலைத்தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னாலேயே அவள் மூச்சு நின்றபோது, உள்ளேயிருந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தது யார் என்று நினைத்துப் பார். "தண்ணி ஊத்தாம வெளிய வரக் கூடாதும்மா" என்று வாசலில் நின்ற ஒருத்தி சொன்னாள். பெரியம்மா உன் தலையில் இருந்த வேப்பிலையை அவர் கையாலேயே உருவி எறிந்தார். "ஆத்தா கோவிச்சுக்கிட்டா என்னைக் கோவிச்சுக்கட்டும். நீ போயி உங்கம்மாவைப் பாரு சாமி" என்றார். அத்தனை சாமி பயம் உள்ள மனுஷி. அன்றைக்கு உன் பக்கத்தில் நின்று அவர் அழுத அழுகையை நீ கவனித்திருக்கமாட்டாய், உனக்கு அப்போது எதுவும் கேட்டிருக்காது. அதற்கப்புறம் துக்கத்தைக் காரணம் சொல்லி அவர்கள் வீட்டு ஆட்கள் வேறு இடம் பார்க்கலாம் என்று பேச்செடுத்தபோதும், "ஆத்தா தொட்ட புள்ளடா, இது நம்ம வூட்டுக்குத்தான்" என்று ஒற்றைக்காலில் நின்று உன்னைக் கூட்டிப்போனவர் அவர்தான். கோயிலில் வைத்து நடந்த அந்தச் சின்னக் கல்யாணத்தில், தாய்மாமன் என்று நான் ஒருத்தன் மட்டும் நின்றேனே, அன்று சாப்பிட உட்காராமல் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். பசி இல்லை என்று எல்லாரிடமும் சொன்னேன்.

இப்போது கடைசியாக ஒன்று. போன வாரம் பெரியம்மா மண்டிக்கு வந்தார். தனியாக, பஸ் ஏறி, அந்த முழங்கால் வலியோடு. தக்காளிச் சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "தம்பி, நெசத்தைச் சொல்லுங்க. அந்தப் புள்ளைக்கு இன்னிக்கும் கையில அதேதான் இருக்குது. ஆத்தா இத்தன மாசமா இருப்பாளா? அன்னிக்கு நான் வாய வெச்சுத்தான் எல்லாம் ஆச்சா? ஒரு தாயும் புள்ளையும் கடைசியாப் பாத்துக்காமப் போனது என்னாலதானா?" என்று கேட்டார். சுற்றிலும் ஏலச் சத்தம். அவர் உதடு மட்டும் அசைவது போல இருந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

வாழ்நாள் பூராவும் நான் சொன்ன கதைகளை ஊர் பாதிதான் நம்பும். அன்றைக்குச் சொன்னதை ஒருத்தர் முழுசாக நம்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டே சொன்னேன். "ஆத்தாதானுங்க. எங்கக்காவே சொல்லுச்சு. ஆத்தா வந்துட்டுப் போன எடத்துல அவ தடம் கொஞ்சம் இருக்கும்ங்க, அதுதான் அந்தப் பொடி. குளுமையா வெச்சுக்கணும். தேங்காயெண்ணெய் தடவி விட்டாப் போதும்ங்க" என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. இதுதான் அந்த ஒரு ஆள், கண்ணு. இந்தக் கடிதத்தை அவருக்கு யாரும் வாசித்துக் காட்ட வேண்டாம். உன் அம்மா அவருக்காக வாயை மூடிக்கொண்டாள், நான் அவருக்காக வாயைத் திறந்தேன். நீ என்ன செய்வாயோ எனக்குத் தெரியாது.

கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பி நின்று இன்னொன்றும் கேட்டார். "எண்ணெய் நான் தடவி வுடுவேன் தம்பி, எனக்கென்னா வேலை. ஆனா ஆத்தாதான்னா, அந்தப் புள்ள ஏன் என்னைத் தொட வுட மாட்டேங்குது?"

எதற்கும் பதில் வைத்திருப்பவன் உன் மாமன். அன்று அவரைக் கைத்தாங்கலாகப் பஸ் ஏற்றிவிட்டதோடு சரி. அந்தக் கேள்விக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். வாயால் வேண்டாம். கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, கதவைத் திறந்து, கையை நீட்டு.

உன் மாமன்